பந்தலும் படலும் உயிர்வேலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தோட்டத்திலும் அதைச் சுற்றியும் கிடைக்கும் கல், மரம், மூங்கில், நார், ஓலை ஆகியவற்றைக் கொண்டே பந்தலும் வேலியும் அமைப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்மாதம் இப்பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. வீட்டுக்குப் பின்னால் 15 அடி நீளம், 10 அடி அகலத்தில் பந்தல் போட்டுப் பீர்க்கும் புடலையும் பாகலும் ஏற்ற விரும்புகிறேன். இரும்புக் குழாய்ப் பந்தலுக்குக் கேட்கும் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது எடுத்த கல்கால்கள் நான்கு இருக்கின்றன. வரப்போரத்தில் சவுக்கும் கிணற்றடியில் ஒரு மூங்கில் புதரும் உண்டு. இவை போதுமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: தாராளமாகப் போதும், அம்மா. நான்கு கல்கால் கையில் இருக்கும்போது பந்தலின் பாதிக் கவலை தீர்ந்தது என்றே சொல்லலாம். உங்கள் வட்டாரத்திலேயே கல்கால் பந்தல்கள் ஏராளமாக இருக்கின்றன. தகப்பனார் நட்ட கல்காலில் மகன் புதிதாகக் கம்பி இழுத்துக் கொடி ஏற்றுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் முதன்முதலில் போட்ட பந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டுச் சவுக்குக் கால்களை நேரடியாக மண்ணில் நட்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில், காய் நிறைந்த புடலைக் கொடியோடு பந்தல் முழுவதும் ஒரே இரவில் கிழக்கே சாய்ந்துவிட்டது. மறுநாள் முறிந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தரைக்கு மேலே இருந்த பகுதியில் பழுதில்லை. மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த நுனியும் ஓரளவு கெட்டியாகவே இருந்தது. மண் மட்டத்தில் ஒரு சாண் அளவு மட்டும் நனைந்த வறட்டி போல் விரலால் பிய்க்கும்படி இற்றுப்போயிருந்தது. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுதான் என்பதால், மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கேதான் வாழ்வு. கறையான் ஏறத் தொடங்குவதும் அங்கேதான். காலின் அடியைக் கரித்து நடுவதும் வேப்பெண்ணெய் தடவி நடுவதும் நம் வழக்கம். அவை கேட்டைத் தள்ளிப்போடுமே தவிர, அறவே தடுப்பதில்லை. கழிவு எண்ணெயை ஊற்றுவோரும் உண்டு. நாம் உண்ணும் காய் விளையும் மண்ணில் அதை ஊற்றாதீர்கள்.

ஆகவே மண்ணைத் தொடுவது கல்லாக மட்டும் இருக்கட்டும். நான்கு கல்கால்களையும் நான்கு மூலைகளில் நடுங்கள். ஒன்பதடிக் கல்லானால் இரண்டரை அடி குழிக்குள் இறங்க வேண்டும்; மேலே நிற்கும் ஆறரை அடியில் நீங்கள் குனியாமல் நடந்து காய் பறிக்கலாம், புடலையும் தரையில் தட்டி வளையாமல் நேராக இறங்கும். கல்லைச் சற்றே வெளிப்புறம் சாய்த்து நட்டு, அதன் தலையில் கட்டிய கம்பியை மூன்றடி தள்ளிப் புதைத்த கல்லோடு இழுத்துக் கட்டிவிட்டால், ஆடிக் காற்றில் தழை மூடிய பந்தல் பாய் போல் விம்மினாலும் மூலைகள் அசையா. நீளவாட்டில் இடையே கொடுக்க வேண்டிய இரண்டு கால்களுக்குச் சவுக்கே போதும். ஆனால் அவற்றை மண்ணில் புதைக்காமல், தரைக்கு மேல் நான்கு விரல் உயர்ந்து நிற்கும் தட்டைக் கல்லின் மேல் நிறுத்தி, தலையை மேல் மூங்கிலோடு சேர்த்துக் கட்டுங்கள். அவை பாரத்தைத் தாங்குவதற்காக மட்டுமே நிற்கின்றன. காற்றைத் தாங்கும் வேலை மூலைக் கல்லுடையது. சவுக்கைப் பட்டை உரித்து, நிழலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். பட்டைக்கு அடியில்தான் ஈரமும் புழுவும் தங்கும்.

மேலே நீளவாட்டில் இரண்டு மூங்கில், குறுக்கே இரண்டரை அடிக்கு ஒன்றாக ஏழு மூங்கில், அவற்றின் மேல் தென்னை நார்க் கயிற்றால் முக்கால் அடிக் கண் வரும்படி வலை. மூங்கிலில் ஆணி அடிக்கக் கூடாது, நாரோட்டத்தில் பிளந்துவிடும். கணுவை ஒட்டிக் கட்டினால் கட்டு வழுகாது. நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தால் கணுத்தட்டே மூடியாக அமைந்துவிடும். கணுவுக்கு வெகுதூரம் தள்ளி அறுத்தால் குழலில் மழைநீர் தேங்கி, மூங்கிலும் அழுகும், கொசுவும் பெருகும். கயிற்றை நனைத்துக் கட்டுங்கள். நனைந்த கயிறு கைக்கு வளைந்து கொடுக்கும், முடிச்சும் நன்றாக அமரும்.

கட்டும்போது மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று, இந்தப் பொருள்களுக்கு ஆயுள் வெவ்வேறு என்பது. கல் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். மூங்கிலும் சவுக்கும் சில ஆண்டுகள். கயிறு ஓரிரு மழைக்காலம். கயிற்றை மாற்றுவதற்காக மூங்கிலைப் பிரிக்கவோ, மூங்கிலை மாற்றுவதற்காகக் கல்லை அசைக்கவோ நேராதபடி, ஆயுள் குறைந்ததை எப்போதும் மேலேயும் வெளியேயும் வைத்துக் கட்டுங்கள். தைப்பட்டக் கொடி காய்ந்து முடிந்ததும் கயிற்று வலையைக் கொடியோடு சேர்த்து அறுத்து அப்படியே குப்பைக்குழியில் போட்டுவிடலாம். நெகிழிக் கயிறாக இருந்தால் கொடியைப் பிரித்தெடுக்கவே ஒரு நாள் போகும், வெயிலில் நொறுங்கிய துணுக்குகளும் மண்ணிலேயே கிடக்கும்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து மூங்கிலையே வெட்டித் தட்டி பின்னித் திண்ணைக்கு மறைப்பாகக் கட்டினோம். ஆறு மாதம்கூட ஆகவில்லை, தினமும் காலையில் தரையில் மாவு கொட்டிக் கிடக்கிறது. என்ன தவறு செய்தோம்?
– வாசகர், தென்காசி

பதில்: மாவு கொட்டுவது மூங்கிலைத் துளைக்கும் சிறு வண்டின் வேலை. தட்டியில் குண்டூசித் தலை அளவுள்ள துளைகளை நீங்கள் பார்க்கலாம். அந்த வண்டு தேடி வருவது மூங்கிலின் நாரை அல்ல, அதற்குள் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை. எனவே மாவுச்சத்து குறைந்திருக்கும் மூங்கிலை, குறைந்திருக்கும் பருவத்தில் வெட்டுவதும், மீதியைத் தண்ணீரில் கரைத்துவிடுவதுமே இதற்கு வழி. எந்த வயது மூங்கிலை, எந்த மாதத்தில் வெட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் தவறு நேர்வது இந்த இரண்டிலும்தான்.

மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கிலை வெட்டாதீர்கள். இளமூங்கில் பசுமையும் பளபளப்புமாக, கணுக்களில் மடல் ஒட்டியபடி இருக்கும். முற்றிய மூங்கிலில் மடல் உதிர்ந்திருக்கும், நிறம் மங்கித் தண்டில் திட்டுத் திட்டாகப் பாசி படிந்திருக்கும், அரிவாள் முதுகால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். புதரில் முற்றியது நடுவிலும் இளையது ஓரத்திலும் இருப்பதால், கைக்கு எட்டும் ஓரத்து மூங்கிலை வெட்டிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. அதனால் தட்டியும் கெடுகிறது, புதரின் அடுத்த ஆண்டு வளர்ச்சியும் குன்றுகிறது. மழை தொடங்கிக் குருத்து விடும் காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் தண்டில் மாவுச்சத்து மிகுந்திருக்கும். அப்போது புதரில் கை வைக்கக் கூடாது. ஐப்பசி முதல் தை வரை வெட்டலாம். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பது பெரியவர்களின் வழக்கம். நானும் அதைக் கடைப்பிடிக்கிறேன். ஆயினும் இளமூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் வண்டு வராது என்று எண்ணிவிட வேண்டாம். வயதும் பருவமுமே முதன்மையானவை.

வெட்டிய மூங்கிலை ஓடையிலோ குளத்திலோ தொட்டியிலோ கல் வைத்து அமிழ்த்தி இரண்டு முதல் நான்கு வாரம் ஊற வையுங்கள். தொட்டியானால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரைந்த மாவுச்சத்து புளித்து நாற்றம் வீசும், அது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். பிறகு எடுத்து நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். உங்கள் தட்டியைப் போலக் கூரைக்கு அடியில் நிற்கப்போகிற வேலைக்கு, 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து ஊற வைப்பது இன்னும் உறுதியானது. முழு மூங்கிலானால் நீண்ட கம்பியால் கணுத்தட்டுகளைத் துளைத்துவிட்டால்தான் கரைசல் உள்ளே போகும். மழை படும் பந்தலுக்கு இதனால் பெரும் பயன் இல்லை, மழையில் கரைந்து போய்விடும். எஞ்சிய கரைசலைச் செடிகளின் வேரில் ஊற்றிவிடாதீர்கள். கரைசலிலுள்ள போரான் மிகுந்தால் இலை விளிம்பு கருகிச் செடி பட்டுப்போகும்.

இப்போது இருக்கும் தட்டியில் விரலால் அழுத்தினால் அமுங்கும் பிளாச்சுகளை, அதாவது பிளந்த மூங்கில் பட்டைகளை, எடுத்து அடுப்பில் வைத்துவிடுங்கள். அவற்றைக் காப்பாற்ற முயல்வது நல்ல பிளாச்சுகளுக்கும் கேடு.

கேள்வி: முக்கால் ஏக்கர் தோட்டத்துக்குக் கம்பி வேலியா, உயிர்வேலியா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. ஆடு மாடு வருவதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. தங்கள் கருத்து என்ன?
– வாசகர், காங்கேயம்

பதில்: காங்கேயத்திலிருந்து இக்கேள்வி வருவது எனக்கு வருத்தமும் தருகிறது, மகிழ்ச்சியும் தருகிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, காங்கேயம் மாடுகள் காலங்காலமாக மேய்ந்து வரும் உங்கள் ஊர் மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகளைச் சுற்றி நிற்பது கிளுவை வேலிதான். இத்தனை வறட்சியிலும் நீர் ஊற்றாமல் உயிரோடு நின்று, மாட்டை உள்ளே நிறுத்தும் வேலி ஒன்று ஊரிலேயே இருக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. உயிர்வேலியே போடுங்கள்.

பக்கத்துக் கொரங்காட்டுக்காரரிடம் கேட்டால், வேலியைக் கழிக்கும்போது விழும் போத்துகளை, அதாவது ஊன்றினால் துளிர்க்கும் கிளைத் துண்டுகளை, மகிழ்ந்து கொடுப்பார். கோடையில் இலை உதிர்ந்து நிற்கும் காலத்தில், கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத, நான்கைந்தடி நீளமுள்ள போத்துகளாக வெட்டி, வெட்டுவாய் உலரும்படி சில நாள் நிழலில் கிடத்தி வையுங்கள். முதல் மழைக்கு முன்பாக ஓரடி ஆழச் சால் பறித்து, அரையடி இடைவெளியில் நட்டு மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். போத்துகளை ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராகச் சாய்த்து நட்டு, ஒன்றோடொன்று சேரும் இடங்களில் நாரால் கட்டிவிட்டால், வளர வளர ஒன்றையொன்று நெருக்கிப் பின்னிக்கொள்ளும். அடியில் இடைவெளி விழாமல் இருக்க ஆண்டுதோறும் தலையைக் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் விட்ட கிளுவை மேலே குடையாக விரிந்து கீழே ஆட்டுக்கு வழி விட்டுவிடும்.

வேலி அடர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வெளிப்புறத்தில் வேலிக்கருவேல் முள்ளை வெட்டி அடைத்து வையுங்கள். ஆடு நெருங்கிக் கடிக்கும் மூலைகளில் ஆடாதோடையையும் நொச்சியையும் ஊன்றுங்கள். ஆடு தொடாத இலை என்பது ஆடாதோடையின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டும் குச்சியிலிருந்தே வளர்பவை, சளிக்கும் காய்ச்சலுக்கும் வீட்டுக்கு உதவுபவை. கொஞ்சம் தண்ணீர் வசதி உள்ள பக்கத்தில் கிளைரிசிடியா எனப்படும் சீமை அகத்தியும் கல்யாண முருங்கையும் பூவரசும் வைத்தால் தழையுரமும் ஆட்டுக்குத் தீவனமும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் இப்படி ஊன்றித் தழைக்கும் போத்துக்குக் கதியால் என்று பெயர். அங்கும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவையே கதியாலாகின்றன.

கம்பி வேலியில் வராத ஒன்று இதில் வரும். நான்காம் ஆண்டு என் வேலியில் கோவைக்கொடியும் முடக்கத்தானும் தாமாகவே ஏறின. அவற்றின் பின்னே செம்போத்தும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு காய்ப்புழுவுக்கு நான் மருந்து தெளித்த நாட்கள் குறைந்தன.

வாசலுக்கு இரும்புக் கதவு தேவையில்லை. வேலியில் கழித்த நேரான குச்சிகளைக் கொண்டு, மூன்று மூங்கில் சட்டங்களில் மாற்றி மாற்றிப் பின்னினால் ஒரு படல் ஆயிற்று.

கேள்வி: தோட்டத்துக் குடிலின் கூரைச் சட்டத்துக்குப் பனங்கை வேண்டும். எங்கள் நிலத்தில் நிற்கும் பனைகளில் இரண்டை வெட்டலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: வெட்ட வேண்டாம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று அரசு அறிவித்தது. அது சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், ஒரு பனை முற்றி வைரம் பாய்வதற்கு ஒரு மனித ஆயுள் செல்கிறது. பனையில் வைரம் இருப்பது வெளிச்சுற்றில் மட்டுமே, நடுவில் இருப்பது சோறு எனப்படும் மென்மையான பகுதி. முற்றாத மரத்தை அறுத்தால் கைக்குக் கிடைப்பதெல்லாம் கறையானுக்கு இரையாகும் சோறுதான். பழைய ஓட்டு வீடுகள் இடிபடும் இடங்களில் விசாரியுங்கள். அங்கே கிடைக்கும் பழைய பனங்கை, இன்று வெட்டும் எந்த மரத்தையும் விட உறுதியானது. உங்கள் இரண்டு பனைகளிலிருந்து ஆண்டுதோறும் கூரைக்கு ஓலையும், தடுப்புக்கு மட்டையும், கட்டுவதற்கு அகணி நாரும் எடுத்துக்கொள்ளுங்கள். அகணியை ஓர் இரவு ஊற வைத்துக் கட்டினால், காய்ந்த பிறகு கட்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கொடிப் பந்தலுக்கு அடியில் மண்ணால் திண்ணை கட்டலாமா?
– வாசகி, சிவகங்கை

பதில்: கட்ட வேண்டாம். பந்தல் வெயிலை மறைக்குமே தவிர மழையை மறைக்காது; கொடிக்கு ஊற்றும் நீரும் அடியில் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். மண் திண்ணைக்குக் கீழே முழங்கால் உயரக் கல் கட்டுமானமும் மேலே கூரையும் வேண்டும். பந்தலடிக்கு இரண்டு கல்லின் மேல் ஒரு பலகைக் கல்லே ஏற்றது.

கேள்வி: நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர். எங்கள் பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் அமர்ந்து படிக்கத் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டுத்தரப் பெற்றோர் முன்வந்திருக்கிறார்கள். கீற்று வேய்வதில் கவனிக்க வேண்டியவை யாவை?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பெற்றோரின் நல்லெண்ணத்தை வணங்குகிறேன். ஆனால் பள்ளி வளாகத்தில் கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரையில் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டு போயிற்று. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு ஆணையிட்டதும் அதன் பிறகுதான். உலர்ந்த கீற்று எவ்வளவு விரைவில் பற்றும் என்பதை அடுப்பெரிக்கும் எவரும் அறிவார். எத்தனை நேர்த்தியாக வேய்ந்தாலும் அந்த இயல்பு மாறாது. வீட்டுத் தோட்டத்தில் அடுப்புக்கும் மின்கம்பிக்கும் தள்ளி நிற்கும் சிறு குடிலுக்குக் கீற்று நல்ல பொருள்தான், பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அல்ல.

அந்தப் பெற்றோரின் உழைப்பை ஓர் உயிர்ப்பந்தலாக மாற்றுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வரிசையாக நட்டு, கொடி ஏறுவதற்கு அதையே காலாக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். ஆறடிக்கு ஒரு சீமை அகத்திப் போத்தாக வட்டமாக ஊன்றி, ஆளுயரத்துக்கு மேல் கிளைகளை உள்நோக்கி வளைத்து மூங்கில் வளையத்தில் கட்டிவிட்டால், இரண்டாம் ஆண்டில் இருபது பிள்ளைகள் அமரும் நிழல் கிடைக்கும். சங்குப்பூவும் அவரையும் அதன் மேல் ஏறட்டும். நான்கு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். சீமை அகத்தியின் விதையைப் பிள்ளைகள் வாயில் வைக்காதபடி, காய் முற்றுவதற்கு முன் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரமெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. வெட்டி எரிப்பதைத் தவிர அதற்குப் பயன் உண்டா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: உண்டு, மிக நல்ல பயன் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே கூடலூர்ப் பகுதியில் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்கள் உண்ணிக் குச்சியால் ஆள் மிரளும் அளவில் முழு உருவ யானைகளைச் செய்கிறார்கள். அவை 2021இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. அதே குச்சி உங்கள் தோட்டத்துக்குப் பாத்தி ஓர வேலியாகவும், பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் ஏணியாகவும், வளைவு வாசலாகவும் ஆகும்.

வெட்டிய குச்சியைப் பெரிய பீப்பாயில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் பட்டை இளகிக் கையோடு உரிந்து வரும். சூடு ஆறுவதற்குள் வளைத்தால் விரும்பிய வடிவுக்கு வளையும், ஆறியபின் அப்படியே நிற்கும். கொதிக்க வைப்பதில் இன்னொரு நன்மை, அந்தக் குச்சி பிறகு வேர் பிடிக்காது. பச்சைக் குச்சியை ஊன்றினால் நீங்கள் அழிக்க நினைத்த செடியையே மீண்டும் நடுவதாக முடியும். இலை மாட்டுக்கு நஞ்சு, ஆகவே தழையைக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள். சொந்த நிலத்துச் செடியை மட்டும் வெட்டுங்கள். பக்கத்தில் இருப்பது காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியின்றி ஒரு குச்சியும் எடுக்கக் கூடாது.

தூரை விட்டுவிட்டால் அடுத்த மழையில் இரண்டு பங்காகத் தழைத்து நிற்கும். எனவே குச்சிக்குப் போகிற அன்றே அரிவாளோடு கடப்பாரையையும் எடுத்துச் சென்று தூரைத் தோண்டிவிட்டு, பறித்த குழியில் நாவலோ விக்கியோ உங்கள் மலைக்குரிய மரக்கன்று ஒன்றை வைத்து மூடிவிட்டு வாருங்கள்.